சித்தி ஹாஜராவின் சந்தேக அகராதி

தொலைக்காட்சியில் எந்த அமைச்சராவது "ஸ்டடி" பண்ணிக்கொண்டிருக்கிறோம் என்று சொல்லிவிட்டால் போதும், சித்தி ஹாஜரா வெள்ளரிக்காய் சீவுவதை நிறுத்திவிடுவாள். கையைத் துடைத்துக்கொண்டு இழுப்பறையிலிருந்து நோட்டை எடுப்பாள். எழுதி முடிக்கும்வரை வாடிக்கையாளர் காத்திருக்க வேண்டியதுதான்.

ஜார்ஜ்டவுனில், கிம்பர்லி தெருவை ஒட்டிய ஒரு சந்து முனையில் இருந்தது அந்தக் கோப்பிக்கடை. கட்டடம் மிகப் பழையது. கடைக்காரச் சீனர் கோப்பியும் தேத்தண்ணீரும் மட்டும் விற்பார். சாப்பாடு விற்க ஐந்து பேர் அவரிடம் இடம் பிடித்திருந்தார்கள். வாசலோரம் ஹாஜராவின் பாசம்போர் வண்டி: வெள்ளரியும் சிங்குவாங் கிழங்கும் சீவிப் போட்டு, பொரித்த வடைகளை வெட்டி அடுக்கி, மேலே சர்க்கரைவள்ளிக் குழம்பை ஊற்றிக் கொடுப்பாள். அவளுக்கு அடுத்து ஆப்பம் ஊற்றும் தயாளன். எதிர்ச்சுவர் ஓரம் குவே தியாவ் என்ற அரிசி நூடுல்ஸ் வறுக்கும் ஆ ஹெங். உள்ளே மீன் கஞ்சி விற்கும் ஓர் அம்மாள், பழச்சாறு பிழியும் ஒரு மனிதர். யாரிடமும் எழுத்தில் ஒப்பந்தம் கிடையாது. இருபது வருடமாக எல்லாம் வாய்ப்பேச்சுதான்.

நோட்டு தொடங்கியது 2020 பிப்ரவரி கடைசி வாரத்தில். நாட்டில் ஓர் அரசாங்கம் கவிழ்ந்து, சில நாளிலேயே இன்னொன்று வந்து உட்கார்ந்த நேரம். மூன்றாம் மேசையில் தினமும் கூடுகிற நான்கு ஓய்வுபெற்ற ஆசாமிகள் ஆங்கிலத்தில் மேசையைத் தட்டித் தட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஜெயராஜ் தமிழர். ஹாஜரா தட்டை வைத்துக்கொண்டே அவரிடம் கேட்டாள்.

"என்னாண்ணே ஆச்சு? யாரு இப்ப ஆட்சியில?"

"அதெல்லாம் உனக்குப் புரியாது லா. பொலிட்டிக்கல் ரீஅலைன்மென்ட்."

மற்ற மூவரும் சிரித்தார்கள். சிரிப்பு அவளைப் பார்த்துத்தான் என்பதில் ஹாஜராவுக்குச் சந்தேகமில்லை. அன்று மாலை மகள் ஃபராவிடம் அந்தச் சொல்லைத் தேடச் சொன்னாள். ஃபரா கைப்பேசியைப் பார்த்துப் படித்தாள்: "மறுபடியும் வரிசைப்படுத்துறது, உம்மா."

"வரிசையா? நான் ஓட்டுப் போட்ட கூட்டம் வீட்டுக்குப் போயிருச்சு. போடாத கூட்டம் உள்ள வந்துருச்சு. இதுக்குப் பேரு வரிசையா?"

"டிக்ஷனரியில அப்படித்தான் போட்டிருக்கு."

"அப்ப டிக்ஷனரி எழுதுனவன் ஓட்டுப் போடலன்னு அர்த்தம்."

அன்றிலிருந்து நோட்டில் மூன்று பத்தி. முதல் பத்தியில் சொல், அவள் காதில் விழுந்தபடி தமிழ் எழுத்தில். பிறகு பத்திரிகையைப் பார்த்து அடியில் ஆங்கில எழுத்தையும் சேர்த்துக்கொள்வாள். இரண்டாம் பத்தியில் யார் சொன்னார், என்றைக்கு, எதைப் பற்றி. மூன்றாம் பத்தியை வெறுமையாக விட்டுவிடுவாள். மூன்று மாதமோ ஒரு வருடமோ கழித்து, உண்மையில் என்ன நடந்ததோ அதை எழுதுவாள். அவளைப் பொறுத்தவரை அதுதான் அந்தச் சொல்லின் அர்த்தம்.

"நோ பிளான்ஸ் அட் தி மோமென்ட்" என்பதற்கு மூன்றாம் பத்தியில் "நாலு மாசத்துல வந்துருச்சு" என்று எழுதியிருந்தாள். "ஸ்டேக்ஹோல்டர்" என்றால், கூப்பிட்டு உட்காரவைத்துத் தேத்தண்ணீர் கொடுப்பார்கள், முடிவு போன வாரமே எடுத்தாகிவிட்டது. "அலெஜ்ட்", அதாவது "செய்ததாகச் சொல்லப்படும்", பெரிய மனிதர்களின் பெயரோடு கடைசிவரை ஒட்டிக்கொண்டு வரும். மோட்டார் சைக்கிள் திருடியவன் பெயரிலிருந்து முதல் நாளே உதிர்ந்துவிடும். "ஹம்பல் பேக்ரவுண்ட்" தேர்தலுக்கு இரண்டு வாரம் முன்பு நினைவுக்கு வருவது. "டெம்பரரி" என்ற சொல்லுக்கு மட்டும் ஏழு பதிவுகள். ஆறில் "இன்னும் அப்படியேதான் இருக்கு" என்று எழுதியிருந்தது. ஏழாவது இன்னும் வெறுமை.

ஐந்து வருடத்தில் மூன்று நோட்டு நிரம்பியது. மூன்றாம் மேசைக்காரர்கள் இப்போது அவளைப் பார்த்துச் சிரிப்பதில்லை. பத்திரிகையை மடித்து நீட்டி, "இது என்னா ஆகும்னு சொல்லு" என்று கேட்டார்கள். ஜெயராஜ் இரண்டு தடவை பந்தயம் கட்டி, இரண்டு தடவையும் எல்லாருக்கும் கோப்பி வாங்கிக் கொடுத்தார். ஆ ஹெங்குக்குச் சீனம் தவிர வேறெதுவும் படிக்கத் தெரியாது. அவர் ஹாஜராவை "புரொஃபசர்" என்றுதான் கூப்பிடுவார். வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும் அவளிடம்தான் கொண்டுவருவார்.

போன வருடம் கட்டடம் கைமாறியது. வாங்கிய நிறுவனம் ஒரு மாலை, கடை மூடும் நேரத்தில், ஐந்து பேரையும் உட்காரவைத்துக் கூட்டம் போட்டது. கூட்டத்தின் பெயர் "எங்கேஜ்மென்ட் செஷன்". ஹாஜரா அந்தப் பெயரைப் படித்தவுடனேயே தயாளனிடம் குனிந்து, "தம்பி, முடிஞ்சுருச்சு" என்றாள்.

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லையேக்கா."

"அவங்க முடிச்சுட்டுத்தான் ஆரம்பிப்பாங்க."

பேச வந்தவள் ஷர்மினி என்ற இளம்பெண். சுவரில் படம் காட்டிக் காட்டி ஆங்கிலத்திலும் மலாயிலும் பேசினாள். கட்டடத்தைப் புதுப்பிக்கப் போகிறார்கள். பதினெட்டு மாதம் ஆகும். அதுவரை வியாபாரிகள் நாலு தெரு தள்ளி ஒரு கார் நிறுத்துமிடத்தில் கூடாரம் போட்டு விற்கலாம். ஏற்பாடு டெம்பரரி. பேசி முடித்து, ஆளுக்கு ஆறு பக்கக் காகிதம் ஒன்றைக் கொடுத்தாள். முழுக்க ஆங்கிலம்.

ஆப்பம் ஊற்றுகிறவனுக்கும் மீன் கஞ்சி விற்கிறவளுக்கும் ஆறு பக்க ஆங்கிலம் எதற்கு? அந்த நிறுவனத்தில் மலாய் எழுதத் தெரிந்தவர்கள் இல்லையா, சீனம் தெரிந்தவர்கள் இல்லையா? இருந்தார்கள். கூட்டத்துக்கு அழைத்த சுவரொட்டி மூன்று மொழியில் இருந்தது. தேத்தண்ணீர் குடிக்கக் கூப்பிட மூன்று மொழி, பிழைப்பைத் தீர்மானிக்க ஒரே மொழி. இது கவனக்குறைவு என்று சொல்கிறவன் ஒன்று குழந்தை, அல்லது அவர்களிடம் சம்பளம் வாங்குகிறவன்.

ஹாஜரா காகிதத்தைத் தொடவில்லை. நீட்டியதைக் கண்ணால் பார்த்ததோடு சரி.

ஷர்மினி தமிழுக்கு மாறினாள். "எடுத்துக்குங்க அக்கா. கையெழுத்து இப்பப் போட வேணாம். படிச்சா மட்டும் போதும்."

"எனக்கு எதுக்கு தங்கச்சி இவ்வளவு காகிதம்? வடை மடிக்கவா?"

"ரெண்டாவது பக்கத்தையாவது படிங்க அக்கா."

"ஏன், ரெண்டாவது பக்கத்துல ஒன் படம் போட்டிருக்கா?"

தயாளன் சிரித்துவிட்டான். ஷர்மினி சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, "நான் பைராம் தோட்டத்துப் பிள்ள அக்கா. அங்க தமிழ்ப் பள்ளியிலதான் படிச்சேன். அப்பா செம்பனைக் குலை வெட்டுனவரு. ஒங்களுக்குக் கெடுதல் நெனைப்பேனா?" என்றாள்.

ஹம்பல் பேக்ரவுண்ட் என்று ஹாஜராவின் மனதுக்குள் மணி அடித்தது. ஒரு கம்பெனி தமிழச்சியிடம் பேசத் தமிழச்சியை அனுப்புகிறது என்றால், அந்தத் தமிழுக்கும் சேர்த்துத்தான் சம்பளம் கொடுக்கிறது. தோட்டம், தமிழ்ப் பள்ளி, அப்பா வெட்டிய குலை எல்லாமே அந்தப் பெண்ணின் வேலைக்குள் அடக்கம். அதிலும், படி படி என்று இவ்வளவு வற்புறுத்துகிறாளே? யார் தன் காகிதத்தைப் படிக்கச் சொல்லிக் கெஞ்சுவார்கள்? விற்க வந்தவர்கள்தான்.

ஷர்மினி போன பிறகு ஐந்து பேரும் ஆ ஹெங்கின் அடுப்பைச் சுற்றி நின்றார்கள். ஹாஜரா மலாயில் எல்லாருக்கும் சொன்னாள்: டெம்பரரி என்ற சொல்லை ஏழு தடவை எழுதியிருக்கிறேன், ஒரு தடவைகூட அது முடிவுக்கு வந்ததில்லை. கையெழுத்துப் போட்டால் நாமே சம்மதித்து வெளியே போனதாகிவிடும். போடாமல் உட்கார்ந்திருந்தால் நம்மைத் தூக்கிப் போட அவர்கள் வழக்குப் போட வேண்டும். பத்திரிகையில் வரும். பத்திரிகையில் வருவதுதான் அவர்களுக்குப் பயம்.

"அப்ப நான் ஒண்ணும் செய்ய வேணாமா?" என்று கேட்டார் ஆ ஹெங். சிங்கப்பூரில் அவர் மகளுக்குப் பிரசவ நேரம். போகலாமா, இருக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் செய்ய வேணாம். போய்ப் பேரப்பிள்ளையைப் பாருங்க."

"நிச்சயமா, புரொஃபசர்?"

"நிச்சயமா."

ஆ ஹெங் மறுவாரம் சிங்கப்பூருக்குப் போனார். கூட்டம் முடிந்த இரண்டு வாரத்துக்குள் ஷர்மினி இரண்டு தடவை கடைக்கு வந்தாள். முதல் தடவை பாசம்போர் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "படிச்சீங்களா அக்கா?" என்றாள். இரண்டாம் தடவை சாப்பிடக்கூட இல்லை. வாசலில் நின்று, "நாள் போயிட்டே இருக்கு அக்கா. இதுக்கு மேல நான் சொல்ல முடியாது" என்றாள். ஏன் சொல்ல முடியாது என்று ஹாஜரா கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. "ஒன் வேலைய நீ பாத்துட்ட, போம்மா" என்றாள். அந்தப் பெண் போனதும், மூன்றாம் மேசையில் ஜெயராஜ், "இவளைப் பாத்தா எனக்குப் பாவமா இருக்கு" என்றார்.

"பாவமா தெரியணும்னுதான் அனுப்பியிருக்காங்க" என்றாள் ஹாஜரா.

சாமியார் சொன்னதைச் சோதிக்காமல் நம்புகிறவனைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். கம்பெனி சொன்னதைச் சோதிக்காமல் மறுக்கிறவனும் தவிர்ப்பது அதே வேலையைத்தான். அந்த இரண்டு வாரமும் ஹாஜரா கம்பெனியின் சுவரொட்டியைப் படித்தாள், இணையத்தில் அவர்கள் போட்ட அறிக்கையை ஃபராவின் கைப்பேசியில் படித்தாள், ஷர்மினியின் முகத்தைப் படித்தாள். ஆறு பக்கத்தை மட்டும் படிக்கவில்லை. ஐந்து வருடமாக மைக்கின் முன்னால் பேசுகிறவர்களிடமிருந்து ஆங்கிலம் கற்றவள் அவள். உண்மை எப்போதும் காகிதத்துக்கு வெளியேதான் இருக்கும், காகிதம் கண்துடைப்பு என்று அவள் மனதில் பதிந்திருந்தது.

பதினான்காம் நாள் காலை. ஜெயராஜ் பத்திரிகையை அவள் வண்டியில் வைத்துவிட்டுக் கோப்பிக்கு உட்கார்ந்தார். உள்ளூர்ப் பக்கத்தில் அந்தக் கட்டடத்தின் படம் இருந்தது. கீழே நிறுவனத்தின் பேச்சாளர் ஒருவர் சொன்னது. ஹாஜரா விரலை வைத்து வரிவரியாகப் படித்தாள். எல்லா வியாபாரிகளோடும் பேசியாகிவிட்டது. எல்லாருக்கும் வாய்ப்பு அளிக்கப்பட்டது. இதுவரை திரும்பி வர ஒருவரும் விருப்பம் தெரிவிக்கவில்லை.

கடைசி வரியில் விரல் நின்றுவிட்டது.

"அண்ணே, இத ஏன் இன்னைக்குச் சொல்றாங்க?"

"என்னத்த?"

"திரும்பி வர யாரும் கேக்கலன்னு. நாம இன்னும் போகவே இல்லையே. போகாத ஆளுங்க திரும்பி வர கேக்கலன்னு எதுக்குப் பத்திரிகையில போடணும்?"

ஜெயராஜ் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "யாராச்சும் கேட்டுருக்கணுமோ என்னமோ."

"யார்கிட்ட? எப்பக் கேக்கச் சொன்னாங்க?"

பத்திரிகையை மடித்து வைத்தாள். தயாளனைப் பார்த்துத் திரும்பினாள். "தம்பி, அந்தக் காகிதம் நீ வாங்குனேல்ல? எங்க?"

தயாளன் மாவு வாளியைத் தூக்கினான். ஆறு பக்கமும் வாளிக்கு அடியில் வட்டக் கறையோடு கிடந்தது. முதல் பக்கமும் இரண்டாம் பக்கமும் காய்ந்த மாவில் ஒட்டியிருந்தன. ஹாஜரா வெந்நீரில் விரலை நனைத்து, ஓரத்திலிருந்து மெல்ல உரித்தாள். ஜெயராஜ் எழுந்து வந்து பக்கத்தில் நின்றார். தெரியாத சொற்களை அவர் சொன்னார். மற்றதை அவளே படித்தாள்.

இரண்டாம் பக்கம், நான்காவது பிரிவு. வேலை முடிந்தபின் பழைய இடத்துக்குத் திரும்ப வியாபாரிக்கு உரிமை உண்டு. அந்த உரிமை வேண்டுமென்றால், இந்த அறிவிப்பின் தேதியிலிருந்து பதினான்கு நாளுக்குள், தன் கையெழுத்தோடு எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்காதவர்கள் திரும்பும் எண்ணம் இல்லாதவர்களாகக் கருதப்படுவார்கள்.

வேறு எந்தக் கையெழுத்தும் யாரும் கேட்கவில்லை. அவள் பயந்த சம்மதக் கையெழுத்து ஆறு பக்கத்தில் எங்கேயும் இல்லை. கம்பெனிக்கு வேண்டியிருந்தது அவர்களுடைய மௌனம்தான். அதை அவள் நான்கு பேரிடமும் சொல்லிச் சொல்லி வாங்கிக் கொடுத்திருந்தாள்.

"அறிவிப்புத் தேதி?" என்றான் தயாளன்.

ஹாஜரா விரல் விட்டு எண்ணினாள். இன்றுதான் கடைசி நாள்.

கடைக்காரரின் பில் புத்தகத்திலிருந்து வெள்ளைத் தாள் கிழித்து, ஜெயராஜ் ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதினார். அதைப் பார்த்து ஐந்து கடிதம். ஹாஜரா, தயாளன், கஞ்சிக்கார அம்மாள், பழச்சாற்றுக்காரர் கையெழுத்துப் போட்டார்கள். ஐந்தாவது தாள் ஆ ஹெங்குடையது. தயாளன் அவரைக் கைப்பேசியில் கூப்பிட்டான். "ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுப் படம் எடுத்து அனுப்புங்க, சும்மா ஒரு ஃபார்ம்தான்" என்று சொல்லிவிட்டு, ஹாஜராவின் முகத்தைப் பார்த்து, கைப்பேசியை வைத்துவிட்டான். படம் வந்தது. நகலெடுக்கும் கடையில் அச்சடித்து, கடிதத்தோடு கோத்துக்கொண்டு ஹாஜராவும் தயாளனும் கிளம்பினார்கள்.

நிறுவனத்தின் அலுவலகம் நகரின் மறுபக்கம் ஒரு கட்டடத்தின் ஒன்பதாம் மாடியில் இருந்தது. முன்மேசையில் இருந்த பையன், அதிகாரி மீட்டிங்கில் இருக்கிறார், பெட்டியில் போட்டுவிட்டுப் போங்கள் என்றான்.

"பெட்டிக்கு வாய் இருக்கா தம்பி, நாளைக்கு வந்து நான் குடுத்தேன்னு சொல்ல?" என்றாள் ஹாஜரா. "முத்திரை குத்தி, தேதி போட்டு, எனக்கு ஒரு நகல் குடு."

"மேடம் வரணும்."

"வரட்டும். நிக்கிறோம்."

முக்கால் மணி நேரம் நின்றார்கள். ஷர்மினி வந்தாள். கடிதங்களைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. மகிழ்ச்சியா, அவள் மேலதிகாரிகளுக்கு என்ன பதில் சொல்வது என்ற கவலையா, ஹாஜராவால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஷர்மினி நான்கு கடிதத்திலும் நகலிலும் முத்திரை குத்தினாள். தேதியைக் கையால் எழுதி, நேரத்தையும் எழுதினாள். ஐந்தாவதைக் கையில் எடுத்து நிறுத்தினாள்.

"இது போட்டோவா அக்கா?"

"அவரு சிங்கப்பூருல இருக்காரு."

"நான் கேட்டுட்டு வரேன்."

உள்ளே போனாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு மேலாளர் தலையைத் தூக்காமலேயே ஏதோ சொல்வது தெரிந்தது. ஷர்மினி இன்னொரு தடவை ஏதோ கேட்டாள். அவர் கையை மட்டும் அசைத்தார். திரும்பி வந்தவள் கடிதத்தை மேசைமேல் வைத்தாள்.

"நேரடிக் கையெழுத்து இல்லாம வாங்கக் கூடாதாம் அக்கா."

தயாளன் ஹாஜராவின் காதோரம், "வெளிய போய் நானே போட்டுக் கொண்டாரவா? யாருக்குத் தெரியும்?" என்றான்.

"பொய்க் கையெழுத்துன்னு தெரிஞ்சா நம்ம நாலு பேரோடதையும் சேத்துத் தூக்கிப் போடுவாங்க. அதுக்குத்தான் காத்துட்டு இருக்காங்க." ஷர்மினியிடம் திரும்பினாள். "நீ அன்னைக்கே வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல? பதினாலு நாள்னு ஒரு வார்த்த?"

"எங்ககிட்ட எழுதி வாங்கியிருக்காங்க அக்கா. விளக்கம் சொல்லக் கூடாது, படிக்கத்தான் சொல்லணும்னு." ஷர்மினி கண்ணாடி அறைப் பக்கம் பார்த்துக்கொண்டாள். "நான் மூணு தடவ சொன்னேன்."

மூன்று தடவை சொன்னது உண்மை. அக்கறையில் சொன்னாளா, படிக்கச் சொன்னோம் என்று நாளைக்குக் கோப்பில் எழுதிக்கொள்வதற்காகச் சொன்னாளா? ஹாஜராவுக்குத் தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் அந்த இரண்டாம் பக்கம் அவள் கைக்கு எட்டும் தூரத்தில் பதினான்கு நாளும் இருந்தது. ஆப்ப வண்டி அவளுடைய வண்டிக்கு அடுத்த வண்டி.

"இந்தக் கடிதத்த வாங்க மாட்டோம்னு எழுதிக் குடு" என்றாள். "காரணத்தையும் எழுது. இன்னைக்கு நாங்க கொண்டுவந்தோம்னு எழுது."

ஷர்மினி தயங்கினாள். பிறகு ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தாள். கையெழுத்தும் போட்டாள். இதனால் அவளுக்கு என்ன வருமோ, அதை ஹாஜரா கேட்கவில்லை.

லிஃப்டில் இறங்கினார்கள். கீழே கார் நிறுத்துமிடத்தில் தயாளன் கைப்பேசியை எடுத்தான். "நான் சொல்றேன்கா. கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்னு சொல்லிருவோம். பொய்யில்லையே?"

பொய்யில்லைதான். ஐந்து வருடமாக அந்த மாதிரி வாக்கியங்களைத்தான் அவள் சேகரித்துவந்தாள். ஒவ்வொன்றும் பொய்யில்லாதது. ஒவ்வொன்றிலும் சொன்னவர் மட்டும் காணாமல் போயிருப்பார்.

"இங்க குடு" என்று கைப்பேசியை வாங்கினாள்.

ஆ ஹெங் முதல் மணியிலேயே எடுத்தார். பேரன் பிறந்திருக்கிறான், மூன்றரைக் கிலோ என்றார். ஃபார்ம் சரியாகிவிட்டதா என்றார். ஹாஜரா மலாயில், நிறுத்தி நிறுத்தி, நான்காவது பிரிவு முழுவதையும் சொன்னாள். பதினான்கு நாள் என்றாள். இன்றோடு முடிந்தது என்றாள். நாங்கள் நால்வரும் கொடுத்துவிட்டோம், உங்களுடையதை வாங்கவில்லை என்றாள்.

ஆ ஹெங் கூட்டம் நடந்த தேதியைக் கேட்டார். சொன்னாள்.

"அன்னைக்கு நீ ஒண்ணும் செய்ய வேணாம்னு சொன்னியே" என்றார் ஆ ஹெங். "அப்ப இது தெரியாதா?"

"தெரியாது."

"காகிதத்துல இருந்துச்சா?"

"இருந்துச்சு. ரெண்டாவது பக்கத்துல."

"நீ படிக்கலையா?"

"படிக்கல."

"படிக்காமலா நிச்சயமான்னு சொன்ன?"

"ஆமா. படிக்காமத்தான் சொன்னேன்."

தயாளன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சாலையில் பேருந்து ஒன்று நின்று, கதவு திறந்து மூடிக் கிளம்பிப் போனது. கைப்பேசியில் பச்சைக் குழந்தை ஒன்று அழத் தொடங்கி, யாரோ தூக்கியதும் அடங்கியது. ஆ ஹெங் இணைப்பைத் துண்டிக்கவில்லை. ஹாஜரா கைப்பேசியைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றாள்.